எலுமிச்சம்பழத்தோடு நிற்பவன் எழுதுவது

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தச் செப்படி வித்தைக் காணொளியை எனக்குப் பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள் என்பதால், அதில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கத் தேவையில்லை. மேசையில் கவிழ்த்திருந்த மூன்று செப்புகளை, அதாவது சிறு கிண்ணங்களை, தூக்கியதும் மூன்று கோழிக்குஞ்சுகள், ஒரே ஆரவாரம். அவற்றில் ஒன்று மேசையிலிருந்து விழுந்தபோது இன்னும் பெரிய ஆரவாரம். அதற்குக் கீழே, "இன்னமும் எலுமிச்சம்பழத்தோடு நிற்பவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரைச் சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. நம் வித்தைக்காரர் வட்டத்தில், கடைசியில் செப்புக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வரவழைத்து ஆட்டத்தை முடிப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் பெயருக்கு அவசியமும் இருக்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். செப்படி வித்தையில் கடைசியாக வெளிப்படும் பொருள், அதுவரை நடந்த ஆட்டத்தின் வயிற்றிலிருந்து பிறக்க வேண்டும். பத்து நிமிடம் சின்னஞ்சிறு நூலுருண்டைகள் ஒரு செப்பிலிருந்து மறைந்து இன்னொன்றில் சேர்கின்றன. உள்ளே இருக்கக்கூடியது உருண்டை மட்டுமே என்று பார்ப்பவர் மனம் தீர்மானித்துவிடுகிறது. அந்தத் தீர்மானத்தின் மேல்தான் கடைசிப் பொருள் வந்து விழுகிறது. செப்பைத் தூக்கியதும் அவர் கேட்க வேண்டிய கேள்வி, "இது எப்போது உள்ளே போனது?" என்பது. கோழிக்குஞ்சைப் பார்த்தவர் கேட்பதோ, "ஐயோ பாவம், இவ்வளவு நேரம் எப்படி மூச்சு விட்டது?" என்பது. அந்தக் கணத்தில் உருண்டைகளும், செப்புகளும், பத்து நிமிட உழைப்பும் அவர் நினைவிலிருந்து துடைத்தெறியப்படுகின்றன.

இதைச் சொன்னால் உடனே எகிப்தைக் கொண்டுவருவார்கள். சூயஸ் கால்வாய் வழியாகப் போன கப்பல்களில் 'கலி கலி' வித்தைக்காரர்கள் பயணிகளுக்குக் கோழிக்குஞ்சு வரவழைத்துக் காட்டினார்கள் என்பது உண்மைதான். அவர்கள் செய்தார்கள், அதனால் என்ன?

மாக்ஸ் மாலினி என்ற அந்தக் கால வித்தைக்காரரைப் பாருங்கள். விருந்து மேசையில் தொப்பியைக் கவிழ்த்து, நாணயத்தை வைத்து விளையாடிவிட்டு, தொப்பியைத் தூக்கினால் கீழே ஒரு பனிக்கட்டிப் பாளம் இருக்கும். பனிக்கட்டியின் அளவைவிட அது உருகும் பொருள் என்பதே அங்கே வியப்பு. இவ்வளவு நேரம் அதை எங்கே வைத்திருந்தார் என்ற கேள்விக்கு விடையே கிடையாது. அதோடு, விருந்து மேசையில் பனிக்கட்டி அந்நியமான பொருளும் அல்ல. 1894இல் பிறந்து 1992 வரை வாழ்ந்த டாய் வெர்னனை இந்தக் கலையின் பேராசான் என்று உலகமே சொல்கிறது. அவருடைய ஆட்டம் முடிந்தது பழத்தில். அவருக்கும் கோழிக்குஞ்சு கிடைக்காமல் போயிருக்கலாம்!

எலுமிச்சையை நான் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில், உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் ஆட்டத்தை முடித்து மூன்று செப்புகளையும் தூக்கினேன். மூன்று எலுமிச்சம்பழங்கள். கைதட்டல் வரவில்லை. வீட்டுக்காரரின் தாயார் எழுந்து வந்து, "தம்பி, குடி வந்த அன்னைக்கே இதை எல்லாம் நடுவீட்டுல எடுத்து வைப்பாங்களா?" என்று கேட்டார். நம் ஊரில் எலுமிச்சம்பழத்துக்கு வேறொரு வேலையும் உண்டு என்பதை நான் மறந்து போயிருந்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அதன் பிறகு வீட்டு விசேஷங்களில் லட்டுக்கு மாறினேன். மஞ்சள் நூலுருண்டைகளில் தொடங்கி மஞ்சள் லட்டில் முடியும். சின்ன உருண்டை பெரிய உருண்டையாகிவிடும். கடைசியில் குழந்தைகள் அதைத் தின்றும் விடுவார்கள். லட்டு உதிரும் என்பதால் இறுகப் பிடித்துத் தரச் சொல்லி வாங்க வேண்டியிருந்தது. சட்டையில் எந்த இடம் பிசுபிசுத்தது என்பதை மட்டும் இங்கே எழுத முடியாது.

"குழந்தைகள் கைதட்டினார்களே, அது போதாதா?" என்று கேட்கலாம். கோழிக்குஞ்சைக் கூடையில் கொண்டுவந்து காட்டினாலும் குழந்தைகள் கைதட்டுவார்கள். அதற்குச் செப்பு எதற்கு, வித்தை எதற்கு? "உங்களுக்குப் பொறாமை" என்பார்கள். கொஞ்சம் இருக்கலாம். எனக்கு அவ்வளவு பெரிய ஆரவாரம் வாழ்நாளில் கிடைத்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொறாமைக்காரன் சொன்னான் என்பதற்காக, விழுந்த குஞ்சு விழாமல் போய்விடுமா? அதைக் குனிந்து எடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லையே. காணொளியை நான்கு முறை பார்த்துவிட்டேன், எடுக்கவில்லை.

இந்த வித்தைக்குத் தமிழில் தனிப்பெயரே இருக்கிறது. செப்புகளை வைத்துச் செய்வதால் செப்படி வித்தை. அந்தப் பெயரை இன்று ஏமாற்று வேலைக்கும் அரசியல் தில்லுமுல்லுக்கும் மட்டுமே நாம் பயன்படுத்துகிறோம். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமில் தத்துவ அறிஞர் செனிகா, வித்தைக்காரரின் கிண்ணங்களையும் கற்களையும் குறிப்பிட்டு, அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் தனக்கு அதில் ஆர்வம் போய்விடும் என்று கடிதம் எழுதினார். ஏமாற்றப்படுவதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. அந்த மகிழ்ச்சியைத் தருவதற்காகத்தான், உருண்டையை உள்ளங்கையில் மறைக்கும் ஒரே ஒரு அசைவைக் கண்ணாடி முன் நின்று மாதக்கணக்கில் பழகுகிறோம்.

அந்த அசைவை, மேற்படி கருத்தை எழுதியவருக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். என் வீட்டு மொட்டை மாடியில், தொடர்ந்து ஏழு சனிக்கிழமைகள். அவர் முதன்முதலாகச் செப்பைத் தூக்கி வெளிக்காட்டிய பொருள், என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த எலுமிச்சம்பழம். அப்போது அது அவருக்குப் பழையதாகத் தெரியவில்லை.

ஐந்து மாதங்களுக்கு முன் என்னிடம் இரவல் வாங்கிப் போன மூன்று பித்தளைச் செப்புகளை அவர் இந்த வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் நல்லது. உள்ளே எதையும் வைத்துக் கொடுக்க வேண்டாம். வாங்கும்போது நான் கவிழ்த்துப் பார்ப்பேன்.