ஸ்பானிஷ் டிவி பார்ப்பீர்களா என்று கேட்டு மூளையை அளக்க முடியுமா?

அமெரிக்காவில் ஹிஸ்பானிக், லத்தீனோ (லத்தீன் அமெரிக்க, ஸ்பானிஷ் வழி வந்த) நோயாளிகளுக்கு நரம்பு உளவியல் பரிசோதனை, அதாவது நினைவு, கவனம், மொழி போன்ற மூளைத் திறன்களை அளக்கும் சோதனை செய்யும்போது, கூடவே ஒரு பண்பாட்டு ஏற்பு அளவுகோலையும் நிரப்பச் சொல்வது நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது. அமெரிக்க வாழ்க்கைக்குள் ஒருவர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதை எண்ணில் சொல்லும் தாள் அது. நோக்கத்தில் குறையில்லை. அந்த எண்ணுக்குக் கிடைக்கும் மரியாதைதான் அதிகம் என்பது என் கட்சி.

பண்பாட்டையும் மொழியையும் பார்க்காமல் சோதித்தால் என்ன ஆகும் என்பதற்கு, 1970-ல் கலிபோர்னியாவில் நடந்த டயானா வழக்கு ஒன்றே போதும். மெக்சிகோ வழிக் குழந்தைகள் ஒன்பது பேரை ஆங்கிலத்தில் ஐக்யூ சோதித்துவிட்டு, மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். ஸ்பானிஷில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோருக்கு அந்த வகுப்பே தேவைப்படவில்லை.

மொழியை மாற்றிவிட்டால் மட்டும் சரியாகிவிடாது. எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை, ஏழைத் தவிர எல்லாம் ஓரசைச் சொற்கள். ஸ்பானிஷிலோ உனோ, குவாத்ரோ, சிங்கோ, சியேத்தே என்று பாதிக்கு மேல் ஈரசை. சொல் நீண்டால், அதே நேரத்துக்குள் மனதில் நிற்கும் எண்கள் குறைவது இயல்பு. 1-ஏ-2-பி என்று எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோட்டால் இணைக்கும் சோதனையில் இன்னொரு சிக்கல். பழைய தலைமுறை படித்த ஸ்பானிஷ் அகரவரிசையில் சி-க்கும் டி-க்கும் நடுவே 'சே' என்று தனி எழுத்து உண்டு. 3-சி-4 என்று வந்த பாட்டி அங்கே கொஞ்சம் தயங்கினாலும் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்புறம், 60 படங்களுக்குப் பெயர் சொல்லும் பாஸ்டன் சோதனை. அதில் ப்ரெட்செல் வரும், பீவர் வரும். அந்தத் தின்பண்டத்தையும் பிராணியையும் பார்த்தே இராதவரிடம் எதைச் சோதிக்கிறோம்?

சரி, அளவுகோலுக்கு வருவோம். 1987-ல் மரீனும் சகாக்களும் வெளியிட்ட குறுவடிவத்தில் 12 கேள்விகள். எந்த மொழியில் யோசிப்பீர்கள், எந்த மொழியில் டிவி பார்ப்பீர்கள், நண்பர்கள் யார் என்று போகும். மூன்றில் இரண்டு பங்கு மொழியைச் சுற்றித்தான். ஒரு முனையில் ஸ்பானிஷ் மட்டும், மறுமுனையில் ஆங்கிலம் மட்டும். ஆங்கிலம் வந்தால் ஸ்பானிஷ் போய்விடும் என்கிற கணக்கு! 1995, 1996-ல் வந்த புது அளவுகோல்கள் இரண்டு பண்பாட்டையும் தனித்தனியாக அளந்தன. அது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் இரண்டு பேரைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் கொலம்பியாவின் பொகோட்டாவில் வக்கீலாக இருந்தவர், மயாமிக்கு வந்து இரண்டு வருடம், ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான். மற்றவர் மெக்சிகோவின் ஒஹாக்கா மாநிலத்துக் கிராமம் ஒன்றில் மூன்றாம் வகுப்போடு நின்றவர், லாஸ் ஏஞ்சலஸில் நாற்பது வருடமாக வீட்டு வேலை, பேரப்பிள்ளைகளோடு ஆங்கில டிவி. அளவுகோலில் இரண்டாமவர் முன்னே நிற்பார். பரிசோதனை மேசையில் வக்கீல் அநாயாசமாகத் தாண்டிவிடுவார். பென்சில் பிடித்த வருடங்கள், பள்ளியின் தரம், தெரியாத ஒருவர் எதிரே கடிகாரத்தை வைத்துக் கேள்வி கேட்பது பழக்கமா என்பதெல்லாம்தான் மதிப்பெண்ணை அதிகம் அசைக்கின்றன. வேகமும் நேர்த்தியும் சேர்ந்தே வரும் என்பதே எல்லா ஊருக்கும் பொதுவான நம்பிக்கை இல்லை என்று நரம்பு உளவியலாளர் அல்ஃப்ரெடோ அர்டிலா அழுத்தமாக எழுதியிருக்கிறார். இன்னொன்று, அந்த ஒஹாக்கா அம்மாவின் தாய்மொழி, அங்குள்ள பூர்வகுடி மொழியான மிஸ்டெக்காக இருந்தால்? ஸ்பானிஷே அவருக்கு இரண்டாம் மொழி. அந்த 12 கேள்வியில் மிஸ்டெக்குக்கு இடமே கிடையாது.

எனக்கு எரிச்சல் தருவது அறிக்கையின் கடைசியில் வரும் வரி: "பண்பாட்டு ஏற்பு குறைவு என்பதால் முடிவுகளை எச்சரிக்கையுடன் பார்க்கவும்." இதை வைத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவர் என்ன செய்வார்? ஆரோக்கியமானவருக்கு டிமென்ஷியா (மறதி நோய்) முத்திரை குத்துவது ஒரு தவறு என்றால், உண்மையிலேயே நினைவு தேய்கிறவரை "கலாச்சாரம்தான் காரணம்" என்று வீட்டுக்கு அனுப்புவது அதற்குச் சற்றும் குறையாத தவறு. பின்னதைப் பற்றிப் பேச்சே குறைவு.

ஒப்பிடுவதற்குச் சரியான ஆட்கள் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். மெக்சிகோ எல்லைப் பகுதி ஸ்பானிஷ் பேசுவோருக்கென்றே அமெரிக்காவின் சான் டியேகோ, டூசான் நகர மக்களை வைத்துத் தரநிலை எண்கள் (ஆரோக்கியமானவர்கள் வழக்கமாக எடுக்கும் மதிப்பெண்கள்) தயாரித்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் அது 19 முதல் 60 வயது வரைதான். மறதி என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தாண்டியவர்கள். வயதானவர்களுக்கும் அப்படி எண்கள் வரும்வரைக்கும், அந்த அளவுகோல் தாளை நிரப்பச் செலவழிக்கும் பத்து நிமிடத்தில் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது, ஒரு வருடத்தில் எத்தனை மாதம் போனீர்கள், முதலில் பேசிய மொழி எது என்று உட்கார்ந்து கேட்டுவிடலாம். மகளிடமும் தனியாகக் கேட்கலாம், போன வருடம் தானே கட்டிய கரண்ட் பில்லை அம்மா இப்போதும் கட்டுகிறாரா என்று.