நிறத்தை மட்டும் நம்பேலாது
பூட்டின அறைக்குள் ஜெனரேற்றர் ஓடி நடந்த மரணத்தை உடலின் செந்நிறத்தை வைத்தே காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவால் வந்தது என்று சொல்லிவிடலாம் என ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது அரைகுறை. குளிரூட்டியில் வைத்த பிரேதமும், சயனைட் உட்கொண்டவரின் உடலும் அப்படிச் சிவந்திருக்கலாம். எங்கட கறுத்த தோலிலோ அது தெரிவதே கடினம். நகக்கண், உதட்டின் உட்புறம், வெட்டிய தசை இவற்றைப் பார்க்கவேணும்.

குருதியைத் தொடை நாளத்திலிருந்து எடுத்து, குருதி கெடாமல் காக்கும் சோடியம் புளோரைட்டு இட்ட குழாயை விளிம்புவரை நிரப்பி இறுக மூடவேணும். மேலே இடைவெளி விட்டால் வாயு கழன்று அளவு குறைந்து காட்டும். காபொட்சிஈமோகுளோபின், அதாவது இந்த வாயு பிடித்துக்கொண்ட ஈமோகுளோபின், 50 வீதம் தாண்டினால் பெரும்பாலும் மரணத்துக்கு அதுதான் காரணம். இதய நோயாளி 30 வீதத்திலும் இறக்கலாம். வெறும் 10 வீதமா? கடுமையாகப் புகைப்பவரிடம் உயிரோடு இருக்கும்போதே அது வரும்.

கதவு, யன்னலைத் திறந்து காற்றாட விட்டபிறகு வாயுமானியோடு போய்ப் பயனில்லை. ஜெனரேற்றரின் பெற்றோல் தாங்கி வெறுமையா, சுவிட்ச் போட்டபடியா என்பதை யாரும் தொடமுன் குறித்துக்கொள்ளுங்கோ.