போஸ்டரில் தேதி போட்டால் உறுதியா?

"ஒரு படம் பண்டிகை ரிலீஸ் என்று போஸ்டரில் போட்டுவிட்டால் அப்புறம் தேதி மாறாது" என்று ஒருவர் அடித்துச் சொல்லி, முதல் நாள் முதல் காட்சிக்கு இப்போதே லீவு போடவும் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லை. ரொம்ப தூரம் போக வேண்டாம், 2025 பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். 'விடாமுயற்சி' பொங்கலுக்கு வருகிறது என்று டீசரிலேயே சொல்லியிருந்தார்கள். 2024 டிசம்பர் 31 இரவு, ஊரே புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இருந்தபோது, பொங்கலுக்குப் படம் வராது என்று தயாரிப்புத் தரப்பே அறிவித்தது. கடைசியில் வந்தது பிப்ரவரி 6-ல்தான்.

இதில் வேடிக்கை, அந்தப் பொங்கலுக்கு வந்து சக்கைப்போடு போட்டது 'மதகஜராஜா'. 2013 பொங்கலுக்கு வர வேண்டிய படம் அது! பணச் சிக்கலில் மாட்டி 12 வருஷம் பெட்டிக்குள் கிடந்தது.

'கங்குவா'வும் 2024 அக்டோபர் 10 என்று அறிவித்த படம்தான். அதே நாளில் 'வேட்டையன்' வந்ததால் நவம்பர் 14-க்கு நகர்ந்தது.

போஸ்டர் தேதி தயாரிப்பாளரின் ஆசை, அவ்வளவே. சென்சார் சான்றிதழ் வந்துவிட்டதா, தியேட்டர் ஒப்பந்தம் முடிந்ததா என்று பாருங்கள். முதல் நாள் முதல் காட்சியை நம்பி இப்போதே லீவு போடச் சொல்வதெல்லாம் கொஞ்சம் ஓவர்.