சும்மா ஓடிட்டுத்தானே வந்தே?

இந்தக் கேள்வியை இனிமே என்கிட்ட யாராவது கேட்டா, அவங்களைக் கார்ல ஏத்திட்டுப் போய் 32 கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டு, "சும்மா ஓடி வாங்க"ன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துடுவேன். பெத்த தாயா இருந்தாலும் சரி. முதல்ல கேட்டதே அவங்கதான்.

நான் ஒண்ணும் பெரிய ஓட்டக்காரன் இல்ல. வயசு 44, மடிப்பாக்கம், தொப்பை இன்னும் பாக்கி இருக்கு. அஞ்சு வருஷமா ஓடறேன். ஷிவ்நாத் சிங்னு ஒருத்தர் 1978-லயே ஜலந்தர்ல 2 மணி 12 நிமிஷத்துல மாரத்தான் ஓடினார். வெறுங்கால்ல ஓடிப் பழகின மனுஷன். என்னோட சிறந்த நேரம் 4 மணி 51 நிமிஷம். அவர் ஒரு தடவை முடிச்சுட்டு, திரும்பி அதே தூரத்தை அதே வேகத்துல ஓடி முடிச்சிருந்தாலும் நான் வந்து சேர்ந்திருக்க மாட்டேன். இதெல்லாம் எனக்கே தெரியும். பெரியப்பா எடுத்துச் சொல்லணும்னு அவசியம் இல்ல.

என் கோபம் வேகத்தைப் பத்தி இல்ல. காலண்டரைப் பத்தி.

சென்னையில ஜனவரி முதல் வாரத்துல மாரத்தான் ஓடணும்னா செப்டம்பர்லயே பயிற்சியைத் தொடங்கணும். 16 வாரம். இன்டர்நெட்ல ஒரு அட்டவணை கிடைச்சுது, பிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீண்ட ஓட்டம். 18ல ஆரம்பிச்சு 24, 28, 32ன்னு ஏறிக்கிட்டே போகும். கடைசி மூணு வாரம் குறைச்சு, காலுக்கு ஓய்வு. ரொம்ப அழகான அட்டவணை. அதை எழுதின வெள்ளைக்காரருக்கு ஐப்பசி, கார்த்திகைன்னு ரெண்டு மாசம் இருக்கறது மட்டும் தெரியல.

ஆவணி முழுக்கக் கல்யாணம். புரட்டாசிதான் எனக்குன்னே வந்த மாசம்: முகூர்த்தம் கிடையாது, வீட்ல கறி கிடையாது, அதனால 24 கிலோமீட்டர் ஓடிட்டு வந்த கையோட கறிக்கடை வரிசையில நிக்க வேண்டியதும் கிடையாது. (மத்த மாசமெல்லாம் உண்டு. "வரும்போது அப்படியே முக்கால் கிலோ வாங்கிட்டு வந்துடுங்க, நெஞ்செலும்பு சேர்த்துப் போடச் சொல்லுங்க." அப்படியேவாம்! உப்பு பூத்த சட்டையோட, நடுங்கற காலோட நிக்கறேன், கடைக்காரர் என்னைப் பார்த்துட்டு வரிசையை விட்டு முன்னாடி கூப்பிட்டுக் குடுக்கறார். மனுஷனுக்கு மனுஷன் இரக்கம் அங்கதான் பார்த்தேன்.) ஐப்பசியில தீபாவளி, மழை. 2023-ல அட்டவணைப்படி டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை 30 கிலோமீட்டர். மிக்ஜாம் புயல் வந்துச்சு. அந்த வாரம் முழுக்க கரண்ட் இல்லாம மூணாவது மாடிக்குத் தண்ணி கேன் தூக்கினேன். அதை எந்தக் கணக்குலயும் யாரும் சேர்க்கல.

கார்த்திகையில புயல் மட்டுமா? மார்கழி பொறந்துட்டா நல்ல காரியம் செய்ய மாட்டாங்களா, அதனால நம்ம சனம் ஒண்ணு கூடி மிச்சமிருக்கற அத்தனை விசேஷத்தையும் கார்த்திகை ஞாயிறுகள்ல கொண்டு வந்து திணிச்சிடும். சரியா அட்டவணையில 28, 30, 32 இருக்கற வாரங்கள். முந்தின நாள் சனிக்கிழமை ராத்திரி ரிசப்ஷன். பத்திரிகையில 7 மணின்னு போட்டிருக்கும். பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வர எட்டரை. போட்டோவுக்கு வரிசை. பந்தியில இடம் கிடைக்கறப்ப மணி பத்து. நான் ரெண்டரைக்கு அலாரம் வச்சிருக்கேன்னு யார்கிட்ட சொல்ல முடியும்? சாப்பிடாம கிளம்பினா அதுக்கு ஒரு சண்டை. சாப்பிட்டுட்டுக் கிளம்பினா ரேடியல் ரோட்ல பதினாறாவது கிலோமீட்டர்ல அந்த பிரியாணி எனக்கு ஞாபகம் வரும், தொண்டை வரைக்கும் வரும்.

போன வருஷம் கார்த்திகை கடைசி ஞாயிறு. அட்டவணையில 32. தங்கச்சி மகளுக்கு மதுராந்தகம் பக்கம் குலதெய்வக் கோயில்ல மொட்டையும் காதுகுத்தும். நான் தாய்மாமன். நான் இல்லாம நடக்காது, பன்னெண்டு மணிக்கு எமகண்டம், அதுக்குள்ள முடிக்கணும். "ஒரு வாரம் ஓடலேன்னா என்னங்க?"ன்னு என் மனைவி நியாயமாத்தான் கேட்டா. நான்தான் வீரமா, "ரெண்டும் பண்ணிடலாம்"னேன்.

மூணு மணிக்கு முன்னாடியே கிளம்பி, பள்ளிக்கரணை நாய்களுக்கெல்லாம் தரிசனம் குடுத்து, 32ஐ முடிச்சு வீட்டுக்கு வந்தா மணி ஏழு. குளிச்சு வேட்டி கட்டி, சீர்த்தட்டுகளை டிக்கியில அடுக்கி, ஜி.எஸ்.டி. ரோடு. பெருங்களத்தூர் நெரிசல்ல கிளட்சை மிதிச்சு மிதிச்சு இடது கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு பாருங்க, காருக்குள்ளயே கத்திட்டேன். பின் சீட்ல அம்மா: "ஏன்டா கத்தறே, சும்மா ஓடிட்டுத்தானே வந்தே?"

கோயில்ல போய் இறங்கினா, தாய்மாமன் சம்மணம் போட்டு உட்காரணுமாம். மடியில குழந்தை. 32 கிலோமீட்டர் ஓடினவன் சம்மணம் போடறது எப்படி இருக்கும்னு ஓடறவங்களுக்குத்தான் தெரியும். மத்தவங்களுக்குச் சொல்றதுன்னா, காய்ஞ்ச விறகை மடக்கற மாதிரி. எப்படியோ உட்கார்ந்தேன். மொட்டைக்கு முக்கால் மணி நேரம். பாப்பா வீல்னு கத்திக்கிட்டு, சரியா என் தொடை எங்க செத்துக் கிடக்குதோ அங்கேயே உதைக்கறா. போட்டோகிராபர் "சிரிங்க சார்"ங்கறார். ஆசாரி ஊசியைக் குத்தறப்ப பாப்பாவை விட எனக்குத்தான் கண்ல அதிகம் தண்ணி. வீடியோவுல இருக்கு, பார்த்தவங்க எல்லாம் "மாமனுக்கு எவ்வளவு பாசம்"னு உருகறாங்க.

அப்புறம் "எழுந்திரு தம்பி"ன்னாங்க. முடியல. மாப்பிள்ளை ஒரு கை, பெரியப்பா ஒரு கைன்னு பிடிச்சுத் தூக்கி நிறுத்தினாங்க. கூட்டத்துல ஒரு அம்மா என் மனைவிகிட்ட மெதுவா கேக்கறாங்க: "தம்பிக்குச் சுகர் எத்தனை வருஷமா?" பெரியப்பா அதுக்குப் பதில் சொல்றார்: "சுகரெல்லாம் இல்லம்மா, காலையில சும்மா ஓடிட்டு வந்தானாம்."

பெரியப்பா, உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், நேர்ல சொல்லத் தைரியம் இல்லாததால இங்க சொல்றேன். நீங்க பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போயிட்டு வர்றீங்க. 14 கிலோமீட்டர். நான் குறை சொல்லல, அருணாசலேஸ்வரர் சாட்சி. ஆனா திரும்பி வந்தா பெரியம்மா வெந்நீர் வைக்கறாங்க, அண்ணி தைலம் தேய்க்கறாங்க, ரெண்டு நாளைக்கு வீடே குரலை உசத்தாது. பழனிக்குப் பாதயாத்திரை போறவங்களுக்கு ஊருக்கு ஊர் மோர், பானகம், உட்காரப் பந்தல். கால் வலிக்கு இந்த ஊர்ல எவ்வளவு மரியாதைன்னு எனக்கும் தெரியும். மாரத்தான் 42.195 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்க. மூணு கிரிவலம்! அதை ஒரே மூச்சுல ஓடிட்டு வந்தவனை, "மெடல் எல்லாருக்கும் குடுப்பாங்களாமே?"ன்னு கேட்டீங்களே. "ஓடறதுக்கு நீதான் காசு கட்டணுமா?"ன்னு மூணு வருஷமா வருஷத்துக்கு ஒரு தடவை, புதுசாக் கேள்விப்படற மாதிரியே கேக்கறீங்களே.

ஒரு விஷயம் நியாயமா ஒத்துக்கணும். என் மனைவி ஒரு தடவை கூட 'சும்மா'ன்னு சொன்னது இல்ல. அவ சொன்னது வேற: "ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் ஓடறீங்க. அதை நான் ஒண்ணும் சொல்லல. மிச்சம் இருபது மணி நேரம் ஓடினதைப் பத்தியே பேசறீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல." இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஷூ பில்லை அவ கண்டுபிடிச்ச அன்னிக்கும் பதில் இல்ல.

இந்த 42.195ங்கற கணக்கு எங்கேர்ந்து வந்ததுன்னு ஒரு நாள் தேடினேன். 1908 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல வின்ட்சர் அரண்மனையில கிளப்பி, ஸ்டேடியத்துல ராஜ குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிர்ல முடிக்கற மாதிரி வச்ச தூரம். 1921-ல அதையே எல்லாருக்கும் பொதுவா ஆக்கிட்டாங்க. ஆக, இந்தக் கொடுமையோட நீளமே ஒரு குடும்பத்தோட சௌகரியத்துக்காக வந்ததுதான். எனக்கு ஆச்சரியமே இல்ல.

ஜனவரி வந்துச்சு. நேப்பியர் பாலத்துல இருட்டோட கிளம்பி, முப்பதாவது கிலோமீட்டர் வரைக்கும் ராஜா மாதிரி போய், அதுக்கப்புறம் உடம்புல இருந்த சர்க்கரையெல்லாம் தீர்ந்து, பாலவாக்கத்துக்கிட்ட ஒரு பெட்டிக்கடைப் பலகையைப் பார்த்துக் காரணமே இல்லாம அழுதேன். கடலை மிட்டாய் பாட்டிலைப் பார்த்துத்தான்னு நினைக்கறேன். முடிச்சேன். 5 மணி 3 நிமிஷம். குடும்பத்தை முடிவிடத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். சாலையெல்லாம் ஓட்டத்துக்காக மறிச்சிருந்ததுல சுத்திச் சுத்தி, நான் முடிச்சு முக்கால் மணி நேரம் கழிச்சு வந்தாங்க. பையன் ஓடி வந்து கட்டிக்கிட்டான். "அப்பா, வெள்ளை மீசை வச்ச தாத்தா ஒருத்தர் உனக்கு முன்னாடியே வந்துட்டாராமே?"

வீட்டுக்கு வந்து, படியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல ஏறி, இந்தியன் டாய்லெட்ல நடந்த போராட்டத்தை இங்க எழுத விரும்பல, ஒரு வழியா சோபாவுல காலை நீட்டினேன். கண் சொருகுது. போகிக்கு இன்னும் ஒரு வாரம். அம்மா கையில ஒட்டடைக் கம்போட எதிர்ல நிக்கறாங்க.

"டேய், பரண்ல இருக்கற பொங்கப் பானையை இறக்கிக் குடு. வெளக்கி வைக்கணும்."

"நாளைக்கு எடுக்கறேம்மா. காலைத் தூக்கவே முடியல."

"நாளைக்கு ஆபீஸ்னு ஓடுவே. இன்னிக்குச் சும்மாதானே இருக்கே?"

ஸ்டூலைப் போட்டு ஏறிட்டேன். எப்படி ஏறினேன்னு எனக்கே தெரியல. பானையைக் கீழ குடுத்தாச்சு. இறங்கலாம்னா முட்டி மடங்க மாட்டேங்குது. பரணைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறேன். அம்மா அண்ணாந்து பார்த்தாங்க. சரி, இப்பவாவது ஏதாவது பரிதாபமா சொல்லுவாங்கன்னு பார்த்தா,

"மேலதானே நிக்கறே, அப்படியே அந்த ஃபேனையும் தொடச்சிடு."