பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை
தரையோடு படர்ந்து, தண்டு சிவந்து, இலை சிறியதாக இருந்தால் பருப்புக்கீரைதான் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த அடையாளம் அப்படியே சித்திரப்பாலாடை என்ற களைச்செடிக்கும் பொருந்தும். அது கீரை இல்லை.

தரையை ஒட்டித் தண்டைக் கிள்ளிப் பாருங்கள். சித்திரப்பாலாடையில் உடனே வெள்ளைப் பால் துளிர்க்கும். (கண்ணில் பட்டால் எரியும், கையைக் கழுவிவிடுங்கள்.) பருப்புக்கீரைத் தண்டு நீர் கோத்ததுபோலப் பருத்து வழவழவென்றிருக்கும், கிள்ளினால் நிறமற்ற சாறுதான்.

சரி, பால் வரவில்லை என்பதற்காகவே சமைத்துவிடவும் வேண்டாம். ஒரு கிளையைப் பூக்க விடுங்கள். வெயில் ஏறியதும் விரியும் ஐந்திதழ் மஞ்சள் பூ, அப்புறம் மூடிபோலக் கழன்றுகொள்ளும் காய், உள்ளே கடுகைவிடப் பொடியான கருப்பு விதைகள். இவ்வளவும் பொருந்தினால் பருப்புக்கீரை எனலாம்.