மண்டையில் ஓட்டை

ராயக்கோட்டை ரோட்டு மண்டப வீடியோவை எனக்கே ஆள் ஆளுக்கு அனுப்பிவிட்டீர்கள். ஆமாம், அந்தப் பச்சைச் சுடிதார் நான்தான். மைக்கைப் பிடித்து இழுத்ததும் நான்தான். வீடியோ எடுத்த புண்ணியவான் நான் கேட்ட கேள்வியை வெட்டிவிட்டு, "அக்காவுக்கு டாக்டர் மேல ரொம்பப் பாசம்" என்று முடி முகாமில் எண்ணெய் விற்ற அந்த ஆள் சொன்னதையும் கூட்டம் சிரித்ததையும் மட்டும் பத்திரமாக விட்டு வைத்திருக்கிறார். அதனால் முழுசாக இங்கே எழுதுகிறேன். நீளமாக இருக்கும். படிக்க முடியாதவர்கள் வீடியோவையே இன்னொரு தரம் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

இலவச முடி பரிசோதனை முகாம் என்று நோட்டீஸ். சரி, நடத்தட்டும். வரிசையாக உட்கார வைத்து ஒரு சின்னக் கேமராவைத் தலையில் வைக்கிறார்கள், டிவியில் பெரிதாகத் தெரிகிறது, "வேர் உயிரோட இருக்கு, ஆறு மாசத்துல வந்துடும்" என்கிறார்கள். காலேஜ் பையனுக்கும் அதே வசனம், பேரன் எடுத்த பெரியவருக்கும் அதே வசனம். அதுகூட அவர்கள் பிழைப்பு, நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் உச்சியைப் பார்த்த பிறகுதான் பொறுக்கவில்லை. நடுவில் தோல் வழுவழுவென்று பளபளக்கிறது, ஒரு மயிர்க்கால் துளைகூட இல்லை. ஓரத்தில் சிவப்பு, மிச்சமிருக்கும் முடிகளின் அடியைச் சுற்றி வெள்ளைச் செதில். "எரியுதுங்க, ராத்திரி தூக்கமே இல்ல" என்கிறார். அதற்கு அந்த ஆள் "புழுவெட்டு" என்று சொல்லி எண்ணெய் பாட்டிலை நீட்டுகிறார். "தோல் டாக்டர் சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னு சொன்னாங்க" என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்போதுதான் மைக்கில் அந்த அருள்வாக்கு: "மண்டையில ஓட்டை போடணும்னு எவனாவது சொன்னா செருப்பைக்கூட மாட்டாம ஓடி வந்துடுங்க."

நான் கேட்டது இவ்வளவுதான். "தழும்பு விழற முடி உதிர்வா இல்லையான்னு டெஸ்ட் பண்ணாம உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" இதில் பாசம் எங்கே வந்தது?

புழுவெட்டில் முடி விழும், மயிர்க்கால் சாகாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி மயிர்க்காலின் அடிக் குமிழைத் தாக்குகிறது, ஆனால் முடியைத் திரும்ப உண்டாக்குகிற செல்கள் கொஞ்சம் மேலே தப்பித்து நிற்கின்றன. அதனால்தான் பலருக்கு வைத்தியமே இல்லாமலும் திரும்ப முளைக்கிறது. (சின்ன வெங்காயத்துக்குக் கிடைத்த புகழில் பாதி அப்படி வந்தது என்பது என் அபிப்பிராயம்.) தழும்பு விழுகிற வகை வேறு. லைக்கன் பிளானோபைலாரிஸ் போன்றவற்றில் அழற்சி அந்தச் செல்கள் இருக்கிற மேல் பகுதியையே அழித்துவிடுகிறது. மயிர்க்கால் செத்து அந்த இடத்தில் நார் திசு நிரம்பிவிடும். அதன் பிறகு எந்த எண்ணெயும் இல்லை, எந்த ஊசியும் இல்லை. போனது போனதுதான்.

இன்னும் நோய் தொடாத முடியைக் காப்பாற்றுவது மட்டும்தான் வைத்தியம். அதற்கு எது அழிக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு வகைக்கு ஸ்டீராய்டு ஊசியும் ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரையும் கொடுப்பார்கள். சீழ் கட்டுகிற வகைக்கு ஆன்டிபயாட்டிக். குழந்தைகளின் தலையில் வருகிற பூஞ்சைத் தொற்றும் முற்றினால் தழும்பாகும், அதற்குப் பூஞ்சை மாத்திரை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற லூபஸ் நோயாக இருந்தால் வெயிலிலிருந்து காப்பது முதல் ரத்தப் பரிசோதனை வரை எல்லாமே வேறு. மேலிருந்து பார்த்தால் இவற்றில் பல ஒன்றுபோலவே இருக்கும். கேமராவை நான் குறை சொல்லவில்லை, என் தலையைப் பார்த்த தோல் டாக்டரம்மாவும் கேமரா வைத்துத்தான் பார்த்தார். ஆனால் எந்த இடத்தில் சதை எடுப்பது என்று தேடுவதற்காகப் பார்த்தார். தோலுக்கு அடியில் நடப்பதை டிவியில் பார்க்க முடியாது.

இப்போது அந்த ஓட்டைக்கு, அதாவது சதையில் ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கிற பயாப்சிக்கு வருகிறேன். அதன் அகலம் 4 மில்லிமீட்டர். மண்டை ஓட்டை அது தொடுவதே இல்லை. தோலைத் தாண்டி, அடியில் இருக்கிற கொழுப்பு வரைக்கும்தான் போகும். ஆயிரம் அடிக்கு போர் போட்டுத் தண்ணீர் வராமல், பக்கத்திலேயே இன்னொரு ஆயிரம் அடி இறக்குகிற மாவட்டம் நம்முடையது. 4 மில்லிமீட்டர் என்றதும் நமக்குக் குலை நடுங்குகிறது.

எனக்கு எடுத்தது தர்மபுரியில். "நடு சொட்டையில எடுத்தா வெறும் தழும்புதாம்மா தெரியும், நோய் இப்ப ஓரத்துலதான் இருக்கு" என்று சொல்லி, சிவந்து செதிலோடு இருந்த, முடி இன்னும் நிற்கிற இடமாகப் பார்த்து ஸ்கெட்ச் பேனாவால் குறித்தார். மரத்துப்போகும் ஊசி போட்டார். அதுதான் வலி, பொய் சொல்ல மாட்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையில் ரத்தம் நிறைய வரும் என்பதால் ஊசி மருந்தோடு அட்ரினலினும் கலந்திருப்பார்கள், அது வேலை செய்யட்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார வைத்தார். அப்புறம் முடி எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதே சாய்வில் கருவியைத் திருகி இரண்டு துண்டு எடுத்தார். ஏன் இரண்டு என்று கேட்டேன், ஆசிரியை புத்தி. ஒன்றை நெடுக்காக வெட்டிப் பார்ப்பார்களாம், ஒன்றைக் குறுக்காக. குறுக்கே வெட்டினால் ஒரே தகட்டில் அந்தத் துண்டில் இருக்கிற எல்லா மயிர்க்காலையும் எண்ணிவிடலாம். 1984-ல் ஹெடிங்டன் என்ற நோய்க்கூறு மருத்துவர் இதை விளக்கி எழுதிய பிறகுதான் பரவலானது என்று பின்னால் படித்தேன். லூபஸ் சந்தேகம் இருந்தால் இன்னொரு துண்டை, வழக்கமாகச் சதையைப் போட்டு வைக்கிற ஃபார்மலின் மருந்தில் போடாமல் தனித் திரவத்தில் அனுப்புவார்களாம். தையல் போட்டு அனுப்பினார். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ் ஏறி வந்து சாயங்காலம் தோசை ஊற்றினேன். இவ்வளவுதான் அந்த மகா கொடூரம்.

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன், பளபளப்பான ஒரு மையம். என் ரத்தத்தையே எடுத்து மிஷினில் சுற்றித் தலையில் ஊசியாகக் குத்தினார்கள். எரியுது என்றால் "எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம் மேடம்". செதிலுக்குப் பொடுகு ஷாம்பூ. ஒரு ஆள்கூட இது என்ன நோய் என்று கேட்கவில்லை. பேக்கேஜ் முடிகிறவரை சொட்டை வளர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் முடி நடலாம் என்றார்கள். நோய் அடங்காத தலையில் நட்டால் நட்ட முடியையும் அதே நோய் தின்னும் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. அன்றைக்கே ஒருவர் "சதை எடுத்துப் பாருங்க" என்று சொல்லியிருந்தால் என் உச்சியில் இன்று ஒரு கையளவு முடி கூடுதலாக இருந்திருக்கும். எனக்கு இருக்கிற பாசம் இந்தக் கையளவு மேல்தான்.

சரி, வீடியோவைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன்.

"எல்லா முடி உதிர்வுக்கும் பயாப்சி பண்ணச் சொல்றியா?" இல்லை. பிரசவத்துக்குப் பிறகு கொட்டுவது, டெங்கு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவது, ஆண்களின் சாதாரண வழுக்கை, பார்த்ததுமே தெரிகிற புழுவெட்டு, இவற்றுக்கெல்லாம் தேவையே இல்லை. எரிச்சல், வலி, சிவப்பு, துளை இல்லாத வழுவழுத் தோல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

"சதையில கை வெச்சா பரவும், கேன்சர் ஆயிடும்." ஆகாது. அடுத்தது.

"டாக்டர்கிட்ட எவ்வளவு கமிஷன்?" தையல் பிரித்த தழும்பு ஒன்று. வேண்டுமானால் பாதி தருகிறேன்.

"எல்லாம் நம்ம ஊர் தண்ணியால." இதைச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. தண்ணீரில் இருந்த ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெட்ட ஜனங்கள் நாம், ஒகேனக்கல் தண்ணீருக்காக எவ்வளவு காலம் காத்திருந்தோம். தண்ணீர் மேல் சந்தேகம் வருவது நியாயம். ஆனால் மயிர்க்காலைத் தழும்பாக்குகிற இந்த நோய்க்குத் தண்ணீர் காரணம் இல்லை. அதே தண்ணீரில் குளிக்கிற என் வீட்டுக்காரர் தலையில் காடு மாதிரி முடி.

"பயாப்சி பண்ணியும் ரிசல்ட் தெளிவா வரலைன்னா?" நியாயமான கேள்வி, சில பேருக்கு அப்படி வருவதுண்டு. தப்பான இடத்தில் எடுத்தால் வரும், நோய் எரிந்து அடங்கிய பிறகு எடுத்தால் தழும்பு மட்டும் தெரியும், எந்தக் காரணத்தால் என்று தெரியாது. ரிப்போர்ட்டையும் தலையையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற தோல் டாக்டர் வேண்டும். அதற்காக எடுக்கவே கூடாதா? எக்ஸ்ரேயில் தெரியாத எலும்பு முறிவும் உண்டு, அதற்காக யாராவது எக்ஸ்ரே மிஷினை உடைத்தார்களா? இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை.

"செலவு?" தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தோல் டாக்டரிடம் சீட்டு எழுதிக் காட்டலாம். மண்டபத்தில் தவணை முறையில் எண்ணெய் விற்றார்களே, அந்தச் செலவை யாரும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று, கூட வேலை செய்கிற டீச்சரே கேட்டார். "போன முடி வராதுன்னா தெரிஞ்சுதான் என்ன பண்ணப் போற? முடிதானே, உயிரா போகுது?"

முடிதானே. நாத்தனார் மகள் கல்யாணத்தில் போட்டோகிராபர் என்னிடம், "மேடம், கொஞ்சம் பின்னாடி நில்லுங்க, லைட் அடிக்குது" என்றார். அத்தை அவசரமாகச் சவுரியும் நாலு முழம் பூவும் எடுத்து வந்து, மணமகள் அறையில் வைத்துச் சொருகிவிட்டார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். அந்த அன்பு எரிந்தது. என் பெரியம்மாவுக்கு வயசான காலத்தில் நெற்றி மேலே மேலே ஏறிப் புருவமும் உதிர்ந்தது. "வயசாச்சு" என்று முடித்துவிட்டோம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு முன்நெற்றி இப்படிப் போகிற ஒரு தழும்பு நோயை 1994-லேயே ஆஸ்திரேலியாவில் கோசார்ட் என்ற டாக்டர் விவரித்துவிட்டார். பெரியம்மாவுக்கு அதுதானா என்று யாரும் பார்க்கவில்லை. புருவத்தை மையால் எழுதிக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்தார், அதையும் கேலி செய்தார்கள். ஆம்பளைக்கு வழுக்கை விழுந்தால் பணம் வரும் என்பார்கள். பொம்பளைக்கு விழுந்தால் என்ன பாவம் செய்தாளோ. மண்டபத்தில் சிரித்தவர்களில் முக்கால்வாசி பெண்கள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை, அந்த ஆள் சொன்னது இல்லை.

"அண்ணி, வீடியோ எங்க ஆபீஸ் வரைக்கும் வந்துடுச்சு, இனிமே இதப்பத்தி எதுவும் போடாதீங்க" என்று கொழுந்தனார் நேற்று போன் செய்தார். போட்டுவிட்டேன். திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம், அழிக்க மாட்டேன். எண்ணெய் பெயர் எழுதுகிற கமெண்ட்டை மட்டும் பார்த்த உடனே அழிப்பேன்.