வாடகை கட்டியதற்கு ஸ்தோத்திரம் சொன்னால் என்ன குறைந்துவிட்டது?

ஞாயிற்றுக்கிழமை நம்ம சபையில், கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்கிற சாட்சி நேரத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த வீடியோவை நம்ம ஆட்களே ஸ்டேட்டஸில் வைத்து, கீழே நெருப்புப் படம் வேறு போட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்த அக்கா சாட்சியில் என்ன சொன்னார்? மாச வாடகை கட்டியாச்சு, பையனுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவ்வளவுதான். உடனே வெளியூர்ப் பிரசங்கியார் மைக்கைப் பிடித்து, "வாடகைக்கெல்லாமா ஸ்தோத்திரம்? ராஜாவோட பிள்ளை சொந்த வீடு கேக்க வேண்டாமா?" என்கிறார். சபை சிரிக்கிறது, கைதட்டுகிறது. அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தது உங்கள் கண்ணில் படவே இல்லையா?

போதும் என்று சொல்வது விசுவாசக் குறைவு இல்லைங்க. "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியது பங்களா திண்ணையில் உட்கார்ந்து அல்ல, காவலில் கட்டுகளோடு இருந்தபோது. அதற்கு அடுத்துத்தான் "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" வருகிறது. கார் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறோமே, அதே வசனம். பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்று அதற்கு முந்தின வசனத்தில் இருப்பதை மட்டும் ஸ்டிக்கர் கடையில் வெட்டிவிட்டார்கள் போல.

என் அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். பிசிறு வெட்டி வெட்டி, கத்தரி பிடிக்கிற கட்டைவிரல் காய்த்துப்போயிருக்கும். 2011 ஜனவரியில் கோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடினார்களே, அப்போது துணி வராமல் வேலை பாதியாகிவிட்டது. ராத்திரி அரிசிம்பருப்புச் சோறும் ஊறுகாயும்தான். அதற்கு அம்மா பண்ணுகிற ஜெபம் இருக்கிறதே! சோறு, பருப்பு, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஊறுகாய் வரைக்கும் தனித்தனியாக நன்றி சொல்வார். "சீக்கிரம் ஆமென் சொல்லு, ஆறுது" என்று அப்பா முனகுவார். அம்மா கண்ணைத் திறக்கவே மாட்டார்.

அதற்காக அவரை ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை சம்பளத்தில் அரை ஷிப்ட் குறைந்திருந்தால், காண்ட்ராக்டரை கேட்டைத் தாண்ட விடமாட்டார். இருக்கிறதை வைத்து மனநிறைவாக இருப்பதும், வர வேண்டியதைக் கேட்டு வாங்குவதும் அவருக்கு ஒன்றுக்கொன்று இடிக்கவே இல்லை.

"இதெல்லாம் முதலாளிகளுக்கு வசதியான உபதேசம்" என்று ஒரு தோழர் வருவார். நியாயமான கேள்விதான். ஆனால் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று முதலாளியைப் பார்த்து எழுதியிருப்பதும் இதே வேதத்தில்தான், யாக்கோபு 5. போதும் என்பதைக் கூலிக்காரனுக்கு மட்டும் போதிக்கிறவர்களோடு எனக்கும் சண்டைதான்.

"ஆசைப்படாவிட்டால் திருப்பூர் வளர்ந்திருக்குமா?" சரி, வளர்ந்தது. நொய்யல் ஆறு என்ன ஆச்சு? பாசனத்துக்கென்று அதன் குறுக்கே கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது சாயத்தண்ணி. போதும் என்று இந்த ஊரில் யாராவது ஒருத்தர் ஒரு தடவை சொல்லியிருந்தால்... இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, விடுங்கள்.

அப்புறம், "உனக்கு முயற்சி பண்ண வக்கில்லை, அதான் பேசறே." இதுக்கெல்லாம் பதில் கிடையாது. என் மச்சான் தன் வீட்டுப் பிரதிஷ்டையில், அத்தனை சொந்தக்காரர் முன்னால், "எங்க மாப்ள சோம்பேறித்தனத்துக்கு வசனம் வெச்சிருக்காப்ல" என்றார். கடன் வாங்கி ஓவர்லாக் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடு என்றார், நான் மாட்டேன் என்றேன். அதுதான் குற்றம். ராத்திரி ஷிப்ட் ஓட்டினால் என் மகளோடு உட்கார்ந்து சங்கீதம் வாசிக்க முடியுமா? அவள் பாதியில் தூங்கி விழுவாள், பைபிள் மடியிலிருந்து சரியும், நான் பிடிப்பேன். இதை எந்த மேடையில் சாட்சியாகச் சொல்வது? சொன்னால் கைதட்டுவீர்களா?

மாட்டீர்கள். வீடு, கார், விசா வந்தால்தான் தட்டுவீர்கள். அடுத்த வாரம் சாட்சி நேரத்தில் எத்தனை பேர் வாய் திறக்கப் போகிறார்கள், பார்க்கத்தானே போகிறோம்.

கமெண்டை மூடவில்லை, திட்டுகிறவர்கள் திட்டலாம். "பிரதர், உங்களுக்கு விசுவாசம் பத்தாது" என்று மட்டும் யாரும் வர வேண்டாம். அந்த வேலையை மச்சான் ஏற்கெனவே பார்த்துவிட்டார்.